பழைய பாரசீக மறைஞானம்: எங்கே தொடங்குவது, எதை எப்படிப் படிப்பது

பாரசீக மறைஞானம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவர்கள் ரூமியும் ஹாஃபிஸும்தான். ரூமி பிறந்தது 1207-ல். ஹாஃபிஸ் அவருக்கும் ஒரு நூற்றாண்டு பிந்தியவர். இருவரும் முஸ்லிம்கள், இஸ்லாமிய மரபுக்குள் நின்று பாடியவர்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் கிழக்கு ஈரான், மத்திய ஆசியப் புல்வெளிகளில் எழுந்த ஒரு குரலைப் பற்றியது. அந்தக் குரலுக்குரியவர் ஜரதுஷ்டிரர். அவர் வழியில் வந்த மதத்தைத்தான் ஜொராஸ்டிரிய மதம் என்கிறோம். இந்தியாவின் பார்சிகள் அதைத்தான் பின்பற்றுகிறார்கள்.

இந்தத் துறைக்குள் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரு கேள்வியோடுதான் வருகிறார்கள். சொர்க்கம், நரகம், சாத்தான், இறுதித் தீர்ப்பு, இறந்தோர் உயிர்த்தெழுதல் எல்லாம் பாரசீகத்திலிருந்து யூதர்களுக்கும் அங்கிருந்து கிறிஸ்தவத்துக்கும் இஸ்லாமுக்கும் போனவையா? இணையத்தில் இதற்கு இரண்டே பதில்கள் உரத்துக் கேட்கின்றன. எல்லாமே அங்கிருந்து வந்தவை என்கிறது ஒன்று. ஒன்றுமே வரவில்லை என்கிறது மற்றது. இரண்டையும் இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். ஜரதுஷ்டிரர் என்ன சொன்னார் என்பதை முதலில் படியுங்கள். படிக்கும் ஒவ்வொரு நூலுக்கும் என்ன வயது என்று தெரிந்துகொள்ளுங்கள். தாக்கம் பற்றிப் பேசுவது அதற்கு அப்புறம். இந்த வரிசையை மாற்றினால் ஆண்டுக்கணக்கில் படித்தாலும் குழப்பம் தீராது.

முதல் படி: காதாக்கள்

ஜொராஸ்டிரியர்களின் புனித நூல் தொகுப்பு அவெஸ்தா. அதில் வழிபாட்டின்போது ஓதும் பகுதி யஸ்னா, 72 அத்தியாயங்கள் கொண்டது. அந்த 72-க்கு நடுவே பொதிந்து கிடக்கும் 17 பாடல்கள்தான் காதாக்கள். யஸ்னா 28 முதல் 34 வரை, 43 முதல் 51 வரை, பிறகு 53. இவற்றின் மொழி அவெஸ்தாவின் பெரும்பகுதியைவிடப் பழையது. ஜரதுஷ்டிரரே பாடியவை என்று மரபும், ஆய்வாளர்களில் பெரும்பாலோரும் ஏற்பவை இவை மட்டும்தான்.

அவர் வாழ்ந்த காலம் பற்றி இன்னும் சர்ச்சை உண்டு. அலெக்சாண்டருக்கு 258 ஆண்டுகள் முன் என்று பிற்கால ஜொராஸ்டிரிய மரபு சொல்லும். அப்படியானால் கி.மு. 6-ஆம் நூற்றாண்டை ஒட்டி வரும். காதாக்களின் மொழி ரிக்வேத மொழிக்கு மிக நெருக்கமாக இருப்பதால், கி.மு. 1500-க்கும் 1000-க்கும் இடைப்பட்ட காலம் என்பவர்கள் இன்று அதிகம். எனக்கு இரண்டாவதுதான் ஏற்புடையதாகத் தெரிகிறது. காதாக்களில் வரும் உலகம் மாடு மேய்ப்பவர்களின் உலகம். பேரரசு, கோட்டை, நகரம், நாணயம் எதுவும் அங்கே கண்ணில் படுவதில்லை.

17 பாடல்களையும் வரிசையாகப் படிக்க முயலாதீர்கள். கடினமான கவிதை அது. வாக்கியம் எங்கே முடிகிறது என்பதிலேயே அறிஞர்கள் சண்டையிடுகிறார்கள். மூன்றில் தொடங்குங்கள்.

யஸ்னா 44-ஐ முதலில் எடுங்கள். அதன் செய்யுள்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரே வரியில்தான் தொடங்குகின்றன: இதை உன்னிடம் கேட்கிறேன், எனக்கு உண்மையாகச் சொல், அஹுரா (இறைவனே). அப்புறம் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். சூரியனுக்கும் விண்மீன்களுக்கும் பாதை வகுத்தது யார்? நிலவு வளர்வதும் தேய்வதும் யாரால்? பூமியைக் கீழேயும் வானத்தை விழாமல் மேலேயும் தாங்குவது யார்? காற்றுக்கும் மேகத்துக்கும் வேகத்தைப் பூட்டியது யார்? ஒளியையும் இருளையும், உறக்கத்தையும் விழிப்பையும் படைத்த கைவினைஞன் யார்? பதில்கள் நேராகச் சொல்லப்படுவதில்லை. கேட்பவருக்குப் பதில் தெரியும் என்பது கேட்கும் விதத்திலேயே தெரிகிறது. கடவுளிடம் இவ்வளவு நெருக்கமாக நின்று, கேள்விகளாலேயே துதி பாடும் இந்தத் தொனியைக் கேட்ட பிறகு, ஜரதுஷ்டிரரை வெறும் சட்டம் சொன்னவராக யாரும் நினைக்க முடியாது.

அடுத்தது யஸ்னா 30. ஆதியில் இருந்த இரட்டை ஆவிகள் பற்றிய புகழ்பெற்ற பாடல் இது. எண்ணத்திலும் சொல்லிலும் செயலிலும் ஒன்று நல்லது, மற்றது தீயது. இரண்டும் சந்தித்தபோது வாழ்வும் வாழ்வின்மையும் உண்டாயின. ஒவ்வொரு மனிதரும் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தப் பாடலின் அழுத்தம் முழுக்க அந்தத் தேர்வின் மேல்தான் விழுகிறது. சமமான இரண்டு கடவுள்கள் முடிவில்லாமல் மோதும் மதம் என்று பலரும் எழுதிவைத்திருப்பதைக் காதாக்களில் தேடிப் பாருங்கள், கிடைக்காது. ஒளியையும் இருளையும் ஒரே படைப்பாளி செய்ததாக யஸ்னா 44 உணர்த்துவதை இதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது யஸ்னா 29. மனதைப் பிசையும் பாடல். பசுவின் ஆன்மா, தன்னை யார் படைத்தார்கள், எதற்காகப் படைத்தார்கள், கொடுமையும் வன்முறையும் தன்னைச் சூழ்ந்திருக்கக் காப்பவர் யாரும் இல்லையே என்று புலம்புகிறது. ஜரதுஷ்டிரரைக் காவலராக நியமிக்கிறார்கள். பசு ஆறுதல் அடைவதில்லை. வலிமையான ஆட்சியாளன் வருவான் என்று எதிர்பார்த்தேன், வலிமையற்ற ஒருவனின் குரல்தானா கிடைத்தது என்று மறுபடியும் அழுகிறது. தன்னை இப்படி அறிமுகப்படுத்திக்கொண்ட வேறொரு மத நிறுவனரை எனக்குத் தெரியாது.

படிக்கும்போது சில பெயர்களைப் பழகிக்கொள்ளுங்கள். அஹுர மஸ்தா என்பவர் ஞானமே வடிவான இறைவன். அஷா என்பது உண்மையும் ஒழுங்கும். அதன் எதிர் துருஜ், அதாவது பொய். வோஹு மனா என்பது நல்ல மனம். யஸ்னா 43-ல் இந்த நல்ல மனம் ஜரதுஷ்டிரரிடம் வந்து, நீ யார், யாரைச் சேர்ந்தவன் என்று கேட்கிறது. அந்தக் கணத்தில்தான் அஹுர மஸ்தாவைப் புனிதர் என்று கண்டுகொண்டதாக அவர் சொல்கிறார். பாரசீக மறைஞானத்தின் வேர் எது என்று கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

ஒரு நடைமுறை யோசனை. ஒரே மொழிபெயர்ப்பை நம்பாதீர்கள். மாக்ஸ் முல்லர் பதிப்பித்த வரிசையில் 1887-ல் எல். எச். மில்ஸ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதனாலேயே எல்லோரும் அதை எடுக்கிறார்கள். அவெஸ்தா மொழியியல் அதற்குப் பிறகு மிகவும் வளர்ந்துவிட்டது. அதோடு சமீபத்திய மொழிபெயர்ப்பு ஒன்றையும் பக்கத்தில் வைத்து யஸ்னா 44-ஐ மட்டும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். எந்த வரி இரண்டிலும் ஒத்துப்போகிறது, எது முற்றிலும் வேறாக இருக்கிறது என்று பென்சிலால் குறியுங்கள். ஒத்துப்போகும் வரிகளை வைத்து மட்டும் வாதம் செய்யுங்கள்.

இரண்டாம் படி: நூல்களின் வயது

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதால்தான் தாக்கம் பற்றிய பெரும்பாலான வாதங்கள் இடறி விழுகின்றன. ஜொராஸ்டிரிய நூல்களில் உள்ளடக்கத்துக்கு ஒரு வயது, எழுதப்பட்ட காலத்துக்கு ஒரு வயது, இன்று கையில் இருக்கும் சுவடிக்கு வேறொரு வயது. காதாக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வாய்மொழியாகவே வந்தன. அவற்றை ஒலி பிசகாமல் எழுதுவதற்கென்றே, கி.பி. 3 முதல் 7-ஆம் நூற்றாண்டு வரை ஈரானை ஆண்ட சாசானியர் காலத்தில் ஒரு தனி எழுத்து உருவாக்கப்பட்டது. யஸ்னாவின் மிகப் பழைய சுவடிகள் 1323-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. சாசானியர் காலத்தில் இருந்த அவெஸ்தாவில் சுமார் நான்கில் ஒரு பங்குதான் இன்று மிஞ்சியிருக்கிறது என்று சொல்வார்கள்.

ஒரு நோட்டில் மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். முதலாவதில் காதாக்கள். இரண்டாவதில் பிற்கால அவெஸ்தா: மித்ரா, அனாஹிதா போன்ற தெய்வங்களைப் பாடும் யாஷ்ட்கள், தூய்மை விதிகளைச் சொல்லும் வெந்திதாத். மூன்றாவதில் இடைக்காலப் பாரசீக மொழியான பஹ்லவியில் எழுதிய நூல்கள்: படைப்பைச் சொல்லும் பூந்தஹிஷ்ன், கலைக்களஞ்சியம் போன்ற தேன்கர்த், மறுவுலகப் பயணத்தைச் சொல்லும் அர்தா விராஃப் கதை. இந்த மூன்றாம் பத்திதான் கவனமாகக் கையாள வேண்டியது. இவற்றில் பெரும்பாலானவை இன்றைய வடிவத்தைப் பெற்றது கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டுகளில், அதாவது அரபுப் படையெடுப்புக்குப் பின். உள்ளே மிகப் பழைய செய்திகள் இருக்கின்றன, சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு கருத்து பூந்தஹிஷ்னில் மட்டும் இருந்தால், அதைக் காட்டி அது பைபிளுக்கோ குர்ஆனுக்கோ முந்தியது என்று சொல்ல முடியாது.

அர்தா விராஃப் இதற்கு நல்ல உதாரணம். விராஃப் என்ற நல்லவருக்கு மயக்க மருந்து கலந்த மதுவைக் கொடுக்கிறார்கள். உடல் கிடக்க ஆன்மா ஏழு நாள் பயணம் போய், சொர்க்கத்தையும் நரகத்தையும் பார்த்துத் திரும்புகிறது. படித்தவுடனே நரகத்தையும் சொர்க்கத்தையும் பாடிய இத்தாலியக் கவி தாந்தேயின் ஞாபகம் வரும், நபிகளின் மிஃராஜ் என்ற விண்ணேற்றப் பயணமும் ஞாபகம் வரும். உடனே இங்கிருந்து அங்கே போனது என்று எழுதிவிடத் தோன்றும். பொறுங்கள். நம் கையில் உள்ள நூல் இஸ்லாமுக்குப் பிந்திய வடிவம். எந்தத் திசையில் எது போனது என்பதை அந்த நூலை மட்டும் வைத்துத் தீர்மானிக்க வழியே இல்லை.

சரி, வெளிச்சாட்சி ஏதாவது உண்டா? உண்டு. கி.மு. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் தியோபாம்பஸ், மனிதர்கள் மறுபடி உயிர்பெற்று அழியாதவர்களாவார்கள் என்பது மாகி எனப்படும் பாரசீகப் பூசாரிகளின் நம்பிக்கை என்று எழுதியிருந்தார். அவருடைய நூல் தொலைந்துபோனது. ஆனால் இந்தச் செய்தியைப் பிற்கால எழுத்தாளர் தியோஜெனிஸ் லார்ஷியஸ் எடுத்துச் சொல்லியிருக்கிறார். அதனால் உயிர்த்தெழுதல் என்ற நம்பிக்கை அலெக்சாண்டர் காலத்திலேயே ஈரானில் இருந்தது என்று துணிந்து சொல்லலாம். தேதி தெரிந்த இந்த மாதிரிச் சாட்சி ஒன்று, தேதி தெரியாத பத்து மேற்கோள்களைவிட மதிப்புள்ளது.

மூன்றாம் படி: ரிக்வேதத்தைப் பக்கத்தில் வையுங்கள்

இது சின்னப் படி. இந்தியாவில் வளர்ந்தவர்களுக்குச் சுலபமும்கூட. முதலில் அவெஸ்தாச் சொல், அடுத்தது வேத மரபின் சொல்: யஸ்னா, யக்ஞம். ஹவோமா, சோமம். மித்ரா, மித்திரன். யிமா, யமன். துருஜுக்கும் துரோகத்துக்கும் வேர் ஒன்றே. அவெஸ்தாவில் அஹுரா உயர்ந்தவர், தைவாக்கள் தீயவை. வேத மரபு வளர வளர அசுரர் தாழ்ந்தார்கள், தேவர் உயர்ந்தார்கள். ஆதியில் ஒன்றாக இருந்த மக்கள் சண்டையிட்டுப் பிரிந்ததன் சுவடு இது என்று பழைய நூல்கள் கதை கட்டும். அதற்கு நேரடிச் சான்று இல்லை. ஒரே மூதாதைக் குடும்பத்திலிருந்து வந்த இரண்டு மரபுகள் என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒற்றுமை என்றாலே ஒன்று மற்றொன்றிடம் கடன் வாங்கியது என்று ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

நான்காம் படி: கல்லில் இருப்பதைப் படியுங்கள்

சுவடிகள் பிந்தியவை என்றால் கல்வெட்டுகள் கைகொடுக்கும். அவை பொறிக்கப்பட்ட காலம் நமக்குத் தெரியும். மேற்கு ஈரானின் பெஹிஸ்துன் மலையில் பாரசீகப் பேரரசர் முதலாம் தாரியஸ் கி.மு. 520-ஐ ஒட்டிப் பொறித்த கல்வெட்டில், தன்னை அரசனாக்கியவர் அஹுர மஸ்தா என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். தனக்கு எதிராகக் கிளர்ந்தவர்களைப் பொய்யர்கள் என்கிறார். காதாக்களில் உள்ளத்தின் தேர்வாக இருந்த உண்மையும் பொய்யும் இங்கே அரசியலாகிவிட்டன. அடுத்து வந்த செர்க்சஸ், தைவாக்களை வழிபட்ட ஓர் இடத்தை அழித்து அங்கே அஹுர மஸ்தாவை வழிபட்டதாகப் பொறித்தார். இரண்டாம் அர்தசெர்க்சஸ் மித்ராவையும் அனாஹிதாவையும் சேர்த்துக்கொண்டார். மூன்று கல்வெட்டுகளில் ஒரு மதம் மாறுவதைப் பார்த்துவிடலாம்.

ஆனால் மறைஞானத்தைத் தேடி வருபவர் தவறவே விடக்கூடாத கல்வெட்டு கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் கிர்தீர் என்ற தலைமைப் பூசாரி பொறித்தது. நக்ஷ்-இ-ருஸ்தமிலும் சர் மஷ்ஹதிலும் அது இருக்கிறது. தாம் செய்யும் வழிபாடு சரியானதுதானா, மறுவுலகம் உண்மைதானா என்று தமக்குக் காட்டும்படி தெய்வங்களிடம் அவர் வேண்டுகிறார். ஒரு சடங்கு நடக்கிறது. அதில் காட்சி காண்பவர்கள், தாங்கள் பார்ப்பதைச் சொல்லிக்கொண்டே போகிறார்கள். கிர்தீரின் உருவத்திலேயே ஒருவர் தோன்றுகிறார். கிழக்கிலிருந்து ஒரு பெண் வருகிறாள், இதைவிட அழகான பெண்ணைப் பார்த்ததில்லை என்கிறார்கள். இருவரும் கைகோத்து ஒளி நிறைந்த பாதையில் நடக்கிறார்கள். தராசு வருகிறது. ஒரு பாலம் வருகிறது, அது அகன்றுகொண்டே போகிறது. ஒருவருடைய நற்செயல்களே அழகிய பெண்ணாக வந்து எதிர்கொள்ளும் என்பது அவெஸ்தாவின் ஹாதோக்த் நஸ்கில் உள்ள கருத்து. அந்தக் கருத்தை வைத்துப் படித்தால் இந்தப் பெண் யாரென்று புரியும்.

அதே கிர்தீர் வேறொன்றையும் பெருமையாகப் பொறித்திருக்கிறார். யூதர்கள், பௌத்தர்கள், பிராமணர்கள், கிறிஸ்தவர்கள், மானியர்கள் (ஆறாம் படியில் வரும் மானியின் வழி வந்தவர்கள்) எல்லோரும் நாட்டில் ஒடுக்கப்பட்டார்கள் என்கிறார். அந்த அழகிய காட்சியையும் இந்த வரியையும் ஒரே மனிதர்தான் எழுதினார். ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டி மற்றதை மறைப்பது நேர்மையாகாது.

ஐந்தாம் படி: இப்போது தாக்கத்துக்கு வரலாம்

ஒரு கருத்து ஈரானிலிருந்து வந்தது என்று யாராவது சொன்னால் வரிசையாகக் கேளுங்கள். ஈரானில் அது முந்தியது என்பதற்குத் தேதி உள்ள சான்று இருக்கிறதா? இரு மக்களும் சந்தித்த இடமும் காலமும் தெரியுமா? பெறுபவரின் மரபுக்குள்ளேயே அது தானாக வளர்ந்திருக்க வாய்ப்பில்லையா? பொதுவான ஒற்றுமை மட்டும்தானா, அல்லது பெயர், நுணுக்கம், அமைப்பு என்று பலவும் சேர்ந்து ஒத்துப்போகின்றனவா? நான்குக்கும் பதில் கிடைக்கும் உதாரணங்கள் மிகக் குறைவு. ஆனால் இருக்கின்றன.

சந்திப்புக்குப் பஞ்சமில்லை. கி.மு. 539-ல் சைரஸ் பாபிலோனைப் பிடித்தார். அங்கே சிறைப்பட்டிருந்த யூதர்கள் எருசலேம் திரும்ப வழி பிறந்தது. தமிழ் வேதாகமத்தில் அவர் பெயர் கோரேசு. ஏசாயா 45:1 அவரைக் கர்த்தர் அபிஷேகம் செய்தவர் என்றே அழைக்கிறது. யூதரல்லாத வேறு எந்த அரசருக்கும் இந்த மதிப்பு கிடைக்கவில்லை. அதற்கு அப்புறம் அலெக்சாண்டர் வரும்வரை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் யூதர்கள் பாரசீகக் குடிமக்கள். அதே அத்தியாயத்தின் 7-ஆம் வசனத்தில், ஒளியைப் படைத்து இருளையும் உண்டாக்குபவர் நானே என்று கர்த்தர் சொல்கிறார். இது பாரசீக இருமைக்கு மறுப்பு என்று பல விளக்கவுரைகள் சொல்லும். யஸ்னா 44-ஐப் படித்துவிட்டு வந்தவருக்கு அது அத்தனை எளிதாகத் தோன்றாது. மறுப்பு என்பதைவிட, அதே கேள்விக்கு வந்த பதில் மாதிரி அல்லவா ஒலிக்கிறது?

இப்போது கையில் ஒரு வேதாகமத்தை எடுத்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள். 2 சாமுவேல் 24:1-ல் தாவீது மக்கள்தொகை எடுக்கிறார். அதற்குத் தூண்டுவது கர்த்தரின் கோபம். 1 நாளாகமம் 21:1-ல் அதே சம்பவம். தூண்டுபவன் சாத்தான். இரண்டுக்கும் நடுவில் பாபிலோனிய சிறையிருப்பும் பாரசீக ஆட்சியும் கிடக்கின்றன. தீமையைக் கடவுளின் மேல் ஏற்றத் தயங்கும் மனநிலை இந்தக் காலத்தில் வளர்ந்தது என்பது கண்கூடு. இதில் பாரசீகத்தின் பங்கு இருந்திருக்கலாம். ஆனால் நாளாகமத்துச் சாத்தான், ஜொராஸ்டிரியத்தின் தீய ஆவியான அங்க்ர மைன்யு (பஹ்லவியில் அஹ்ரிமன்) அல்ல, கடவுளுக்கு நிகராக நின்று போர் புரிபவனும் அல்ல. யோபு புத்தகத்தில் அவன் கடவுளின் சபையில் வந்து அனுமதி கேட்டு நிற்கிறான். விதை உள்ளூரிலேயே இருந்தது, தண்ணீர் பக்கத்து வயலிலிருந்து பாய்ந்திருக்கலாம் என்பது என் கணிப்பு.

இன்னும் உறுதியான உதாரணம் தோபித்து நூல். கத்தோலிக்க வேதாகமத்தில் இருக்கிறது. அதன் பிரதிகள் சாக்கடல் அருகே கும்ரான் குகைகளிலும் கிடைத்தன. கதை நினிவேயில் தொடங்கி ஈரானின் எக்பத்தானாவுக்கும் ராகேஸுக்கும் போகிறது. அதில் மணமகன்களைக் கொல்லும் பேயின் பெயர் அஸ்மோதேயு. அவெஸ்தாவில் வெறியின் பேயான அயேஷ்மா என்ற தைவாதான் அது என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். இடம், காலம், பெயர் மூன்றும் பொருந்துகின்றன. பேய் மட்டும்தான் வந்தது, கோட்பாடு வரவில்லை என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். அவ்வளவுதான் சொல்ல முடியும் என்பதே இந்த உதாரணத்தின் பலம்.

அதே கும்ரான் குகைகளில் கிடைத்த பழைய யூதச் சுவடிகளான சாக்கடல் சுருள்களுக்கு வாருங்கள். 1947-ல் கிடைத்த முதல் சுருள்களில் ஒன்றான சமூக விதி நூல், ஒளியின் தலைவனும் இருளின் தூதனும் மனிதர்களை ஆள்கிறார்கள் என்றும், ஒவ்வொருவர் உள்ளத்திலும் இரண்டு ஆவிகள் போராடுகின்றன என்றும் சொல்கிறது. யஸ்னா 30-ஐ அறிந்தவர் திடுக்கிடுவார். இரட்டை ஆவிகள், உண்மையும் பொய்யும், ஒளியும் இருளும், இறுதியில் தீமையின் முடிவு என்று ஒரு முழு அமைப்பே ஒத்துப்போகிறது. ஒரு முக்கிய வேறுபாட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். சுருளில் இரண்டு ஆவிகளையும் கடவுளே படைத்து, யார் எந்தப் பக்கம் என்பதையும் முன்பே வகுத்துவிட்டார். ஜரதுஷ்டிரரின் ஆவிகள் தாமே தேர்ந்தெடுக்கின்றன, மனிதர்களும் தேர்ந்தெடுக்கிறார்கள். எடுத்துக்கொண்டவர்கள் தங்கள் இறையியலுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

இஸ்லாமுக்கு வந்தால், நரகத்தின் மேல் விரிந்த ஸிராத் பாலத்தைத் தமிழ் முஸ்லிம்கள் அறிவார்கள். முடியைவிட மெல்லியது, வாளைவிடக் கூர்மையானது என்று சொல்லப்படுவது. ஜொராஸ்டிரியத்தில் சின்வத் பாலம். நல்லவருக்கு அகலும், தீயவருக்குக் கத்தி முனையாகும். இந்தக் கத்தி முனை வர்ணனை விரிவாக வருவது பஹ்லவி நூல்களில், அதனால் தேதிச் சிக்கல் உண்டு. ஆனால் பாலம் காதாக்களிலேயே வருகிறது, யஸ்னா 46-லும் 51-லும். அது அகலும் காட்சி கிர்தீரின் கல்வெட்டில் இருக்கிறது, இஸ்லாமுக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் முந்தியது. இரண்டாம் படியில் போட்ட நோட்டு இங்கேதான் உதவுகிறது. கத்தி முனையை விட்டுவிட்டு, அகலும் பாலத்தை மட்டும் வைத்து வாதிட்டால் யாரும் மறுக்க முடியாது.

ரோமில் பரவிய மித்ராஸ் வழிபாட்டை விரைவாகக் கடந்துவிடலாம். பெயர் பாரசீகம். நிலவறைக் கோயில்களில், ஏழு படிநிலைகள் கொண்ட ரகசிய வழிபாடு. நடுவில் மித்ராஸ் காளையைக் கொல்லும் சிற்பம். ஈரானிய நூல்களில் மித்ரா காளையைக் கொல்வதே இல்லை. பூந்தஹிஷ்னில் ஆதிக் காளையை அழிப்பவன் அஹ்ரிமன். ரோமானியர்கள் பாரசீகப் பெயரை எடுத்துத் தாங்களே கட்டிய மதம் அது என்ற கருத்து 1970-களுக்குப் பின் வலுத்துவிட்டது. கிறிஸ்துமஸ் தேதி மித்ராஸின் பிறந்தநாளிலிருந்து வந்தது என்று யாராவது சொன்னால் சான்று கேளுங்கள்.

ஆறாம் படி: மானியும் மாகர்களும்

மானிய மதத்தை நிறுவிய மானி தனியாகப் படிக்கவேண்டிய ஆள். கி.பி. 216-ல் மெசபொத்தேமியாவில் பிறந்தார், ஞானஸ்நானத்தை வலியுறுத்திய ஒரு யூத-கிறிஸ்தவக் குழுவில் வளர்ந்தார். இந்தியாவில் புத்தர், பாரசீகத்தில் ஜரதுஷ்டிரர், மேற்கில் இயேசு, இப்போது பாபிலோனில் நான் என்று தம்மை அறிவித்தார். சாசானிய அரசர் முதலாம் ஷாபூர் ஆதரித்தார். பின்னர் அரசரான முதலாம் பஹ்ராம் சிறையில் அடைத்தார், மானி அங்கேயே இறந்தார். அந்த வீழ்ச்சியில் நம் கிர்தீருக்குப் பங்கு இருந்தது. ஆனால் மதம் சாகவில்லை. புனித அகஸ்டின் கிறிஸ்தவராவதற்கு முன் சுமார் ஒன்பது ஆண்டுகள் மானிய மதத்தில் கேட்பவர் எனப்படும் சாதாரண உறுப்பினர் நிலையில் இருந்தார். 8-ஆம் நூற்றாண்டில் மத்திய ஆசியாவின் உய்குர் பேரரசு அதை அரச மதமாக ஏற்றது. சீனாவின் ஃபூஜியானில் 1339-ல் செதுக்கிய மானியின் சிலை, ஒளியின் புத்தராக இன்றும் இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: மானிக்கு உடலும் பொருளுலகமும் இருளின் சிறை. ஜரதுஷ்டிரருக்குப் பொருளுலகம் அஹுர மஸ்தாவின் நல்ல படைப்பு. உடலை வெறுக்கும் துறவை ஜொராஸ்டிரியத்தின் மேல் ஏற்றிச் சொல்பவர்கள் இருவரையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

நம் பக்கத்திலும் ஒரு தடம் உண்டு. வராகமிகிரர் 6-ஆம் நூற்றாண்டில் எழுதிய பிருகத் சம்ஹிதையில், சூரியன் சிலையைப் பிரதிஷ்டை செய்ய உரியவர்கள் மாகர்கள் என்கிறார். ஈரானிய மாகிகளிலிருந்து வந்த பிராமணர்களாக அவர்களைக் கருதுகிறார்கள். சூரியனுக்கு வடதேசத்து உடையும் இடுப்பில் அவ்யங்கமும் வேண்டும் என்கிறது அந்த மரபு. பார்சிகள் கட்டும் கஸ்தி என்ற இடுப்புக் கயிற்றின் அவெஸ்தாப் பெயரோடு அவ்யங்கம் தொடர்புள்ளது. வட இந்தியச் சூரியன் சிலைகள் முழங்கால் வரை காலணி போட்டிருக்கும். தென்னிந்தியச் சூரியன் வெறுங்கால்தான். அடுத்த முறை அருங்காட்சியகத்தில் கால்களைப் பாருங்கள்.

ஏழாம் படி: சுஹ்ரவர்தி

சூஃபி மரபோடு உள்ள தொடர்பைத் தேடுபவர்கள் ஹாஃபிஸின் கவிதையில் வரும் மாகிகளின் குருவைப் பிடித்துக்கொள்வார்கள். அது கவிதை உருவகம், வரலாற்றுச் சான்று அல்ல. அதற்குப் பதில் ஷிஹாபுத்தீன் சுஹ்ரவர்தியிடம் போங்கள். 1154-ல் வடமேற்கு ஈரானில் பிறந்தவர். 1186-ல் ஹிக்மத்துல் இஷ்ராக் என்ற ஒளித் தத்துவ நூலை அரபியில் முடித்தார். 1191-ல் அலெப்போவில் கொல்லப்பட்டார். எல்லாம் ஒளிகளின் ஒளியிலிருந்து படிப்படியாக இறங்கி வருகின்றன என்பது அவர் காட்சி. முதல் ஒளிக்குப் பழைய ஈரானியர் தந்த பெயர் பஹ்மன் என்கிறார். பஹ்மன் வேறு யாருமல்ல, காதாக்களில் ஜரதுஷ்டிரரிடம் வந்து நீ யார் என்று கேட்ட அதே வோஹு மனா. இங்கே தாக்கத்தை நாம் ஊகிக்கத் தேவையில்லை, எழுதியவரே சொல்லிவிட்டார். தம்முடைய வழி மாகி நிராகரிப்பாளர்களின் வழியோ மானியின் வழியோ அல்ல என்றும் அதே நூலில் தெளிவாக எழுதியிருக்கிறார். முஸ்லிமாக இருந்துகொண்டே பழைய ஞானத்தைச் சொந்தம் கொண்டாடியவர் அவர். அந்த இரண்டையும் சேர்த்தே அவரைப் படிக்க வேண்டும்.

எட்டாம் படி: இன்றும் ஓதுபவர்கள்

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்சிகள் 57,264 பேர். அவெஸ்தாவை ஐரோப்பா அறிந்ததே இவர்களால்தான். ஆங்கெதில் துப்பெரோன் சூரத்தில் பார்சி குருமார்களிடம் கற்று 1771-ல் பிரெஞ்சில் வெளியிட்டார். 1860-களில் பூனாவில் சமஸ்கிருதம் கற்பித்த மார்ட்டின் ஹவுக், காதாக்களைத் தனியே பிரித்துக் காட்டினார். இன்று படிக்க வசதி வேண்டுமானால் மும்பையில் கே. ஆர். காமா கீழ்த்திசை நிறுவனமும் நவ்சாரியில் மெஹர்ஜி ராணா நூலகமும் இருக்கின்றன. வீட்டிலிருந்தே தொடங்க, இணையத்தில் இலவசமாகத் திறந்திருக்கும் என்சைக்ளோபீடியா இரானிகா போதும்.

சென்னை ராயபுரத்தில் 1910-லிருந்து பார்சி அக்னிக் கோயில் ஒன்று இருக்கிறது. இந்தியாவின் அக்னிக் கோயில்களுக்குள் மற்ற மதத்தவர் போக முடியாது. அனுமதி கேட்டு நச்சரிக்காதீர்கள். ஈரானின் யஸ்தில் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்க்க விடுகிறார்கள். தீயை வணங்குபவர்கள் என்ற சொல்லை மட்டும் எங்கும் பயன்படுத்த வேண்டாம். அவர்கள் காலங்காலமாக மறுத்துவரும் பழிச்சொல் அது.

பார்சி நண்பர் யாராவது இருந்தால், சாத்தான் உங்களிடமிருந்துதான் வந்தானா என்று தொடங்காதீர்கள். அஹுன வைர்யா ஓதிக் காட்டுவீர்களா என்று கேளுங்கள். யஸ்னா 27:13, மொத்தம் 21 சொற்கள், காதாக்களின் மொழியிலேயே அமைந்தது. பார்சிக் குழந்தைகள் முதலில் மனப்பாடம் செய்பவற்றில் அதுவும் ஒன்று. அதன் பொருள் என்ன என்று அறிஞர்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. இரண்டு மொழிபெயர்ப்புகளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அதற்கும் ஒருமுறை உட்காருங்கள்.